கூண்டேறும் இன்ஸ்பெக்டர்

கொலை வழக்குகளில் அரசுத் தரப்பின் கடைசி சாட்சி பெரும்பாலும் புலன்விசாரணை அதிகாரிதான். அவர் கூண்டேறும்போது சம்பவம் நடந்து சில ஆண்டுகள்கூட ஓடியிருக்கும். சம்பவ இடத்தில் கண்டதைப் பதிவுசெய்யும் மகசரை எழுதிய இரவில் தெருவிளக்கு எரிந்ததா என்று கேட்டால் எப்படிச் சொல்வார்?

அப்போதே தான் எழுதிய குறிப்பைக் கூண்டிலேயே பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கேஸ் டைரி, அதாவது விசாரணை நடந்த விதத்தை அன்றன்று எழுதும் வழக்கு நாட்குறிப்பு, கத்திமுனை. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அதைக் கேட்டு வாங்க முடியாது. அதிகாரி அதைப் புரட்டி நினைவைப் புதுப்பித்தாலோ, அந்தப் பகுதியை எதிரியின் வக்கீலும் பார்த்துக் கேள்வி கேட்கலாம். முதல் நாளே கோப்பை வரிவரியாகப் படித்துவிட்டு வருவதே நல்லது.

எதைச் சொல்லக் கூடாது என்பதிலும் நுட்பம் இருக்கிறது. "கூரையில் ஒளித்த கத்தியை எடுத்துத் தருகிறேன், அதால்தான் அவனைக் குத்தினேன்" என்று எதிரி ஒரே மூச்சில் சொல்கிறார், கத்தியும் கிடைக்கிறது. போலீசிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது; பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். 1946-இல் புலுக்குரி கோட்டய்யா வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இப்படிப்பட்ட வாக்கியத்தையே இரண்டாக அறுத்துக் காட்டியது. ஒளித்த இடம் அவருக்குத் தெரியும் என்பதைத்தான் கத்தி காட்டுகிறது. குத்தியது யார் என்பதை அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது குறுக்கு விசாரணைதான். சாட்சிகளிடம் போலீஸ் எழுதிவாங்கும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அது சாட்சியம் ஆகாது. ஆனால் முரணைக் காட்ட எதிரி அதைப் பயன்படுத்தலாம். எதிரியின் கையில் அரிவாளைப் பார்த்ததாக அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி (அ.சா. 2) நீதிமன்றத்தில் சொல்கிறார். போலீசிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. அந்த விடுபடலை நிரூபிக்க, வாக்குமூலம் எழுதிய இன்ஸ்பெக்டரே வேண்டும். "அ.சா. 2 என் விசாரணையில் அப்படிச் சொல்லவில்லை என்றால் சரிதான்." தன் வழக்கைத் தானே தளர்த்தும் பதில் இது. அதைச் சுற்றிவளைக்காமல் ஒரே வரியில் சொல்பவரை, மகசர், கைது, ரத்தக்கறை பற்றியும் நீதிபதி நம்ப இடமுண்டு. மழுப்பினால், அந்த ஒரு முரணோடு நின்றிருக்க வேண்டிய சந்தேகம் விசாரணை முழுவதன் மேலும் படரும்.