'குணமடைந்தோர்' பட்டியலில் பெயர், குறையவில்லை மூச்சிரைப்பு

புதுடில்லி: கொரோனா சிகிச்சை முடிந்து வீடு திரும்பியோர் அனைவரையும், அரசுக் கணக்கு 'குணமடைந்தோர்' பட்டியலில் சேர்த்தது. ஆனால், அவர்களில் பலருக்கு மருத்துவமனை வாசலைத் தாண்டிய பின்னும் நோயின் தொல்லை ஓயவில்லை.

டில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 31 மருத்துவமனைகளில் இருந்து வீடு திரும்பிய 14 ஆயிரத்து 419 பேரை ஓராண்டு வரை கண்காணித்தது. 2023ல் வெளியான அதன் முடிவின்படி, 17.1 சதவீதம் பேருக்கு, நான்கு முதல் எட்டு வாரங்களுக்குப் பின்னரும் உடற்சோர்வு, மூச்சுத்திணறல், நினைவுத் தடுமாற்றம் போன்ற உபாதைகள் நீடித்தன. 6.5 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். வேறு நோய்கள் உள்ளவர்களும், கொரோனா கடுமையாகத் தாக்கியவர்களுமே இவர்களில் அதிகம். தொற்றுக்கு முன்பே தடுப்பூசி போட்டுக் கொண்டோருக்கு இந்த அபாயம் குறைவாக இருந்தது.

தமிழர்கள் திரளாக வாழும் மும்பைக்கு இது புறக்கணிக்கத்தக்க கணக்கு அல்ல. 2020 ஏப்ரல் 1ல் முதல் நோயாளி கண்டறியப்பட்ட தாராவி, தொற்றைக் கட்டுப்படுத்தியதற்காக அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டைப் பெற்றது. பாராட்டு, பரவல் குறைந்ததற்குத்தான். சிகிச்சை பெற்றவர் மீண்டும் வேலைக்குப் போக முடிந்ததா என்பது அதில் அடங்காது.

தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளிக்கும், நவி மும்பை ஐரோலியில் உள்ள கணினி நிறுவன ஊழியருக்கும் நோய் ஒன்றே, ஓய்வு ஒன்றல்ல. முன்னவர் வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. பின்னவருக்கு விடுப்பு உண்டு. ஆனால், மறதியையும் கவனச் சிதறலையும் எந்த எக்ஸ்ரே படமும் காட்டாது.

இடைவெளி விதிகளிலேயே உள்ளது. மூன்று மாதங்களுக்குப் பின்னும் நீடிக்கும் உபாதைகளை, தனி நோய்நிலையாக 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. 2020ல் அறிமுகமான 'கொரோனா கவச்' காப்பீடோ, வீடு திரும்பிய பின் 30 நாள் செலவை மட்டுமே ஏற்றது. மத்திய சுகாதார அமைச்சகமும் 2020 செப்டம்பரிலேயே தொடர் கவனிப்புக்கு நெறிமுறை வெளியிட்டது. நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, போதிய ஓய்வு ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. அந்த ஓய்வுக்கான கூலியை யார் தருவது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

ஐரோலியில் மாநகராட்சி மருத்துவமனை உண்டு. தாராவிக்கு அருகில் சயான் மருத்துவமனை உண்டு. வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே மறுபரிசோதனைத் தேதியையும் எழுதி, வராதவரைத் தேடிச் செல்லும் ஏற்பாடு வேண்டும். அடுத்த தொற்றுக்கு முன்பாவது, 'குணமடைந்தார்' என்ற சொல்லுக்கு அரசு சரியான பொருள் காண வேண்டும்.