ஒரு துவிச்சக்கரவண்டி, இரு சோடிச் சில்லுகள்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ். குடாநாட்டு மக்களையும் அவர்தம் சுமைகளையும் தாங்கியது துவிச்சக்கரவண்டியே. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலும் அதுவே கைகொடுத்தது.

எனினும் எமது நிலம் எங்கும் ஒரே தன்மையானதன்று. பருத்தித்துறை வீதியில் இலகுவாக உருளும் ஒடுங்கிய ரயர், மணற்காட்டு மணலில் புதைந்துவிடும். அகன்ற ரயரோ, காற்றைச் சற்றுக் குறைத்தால், பாரத்தைப் பரப்பி மணலைக் கடக்கும். தார் வீதியில் அதுவே மிதிப்பவரைக் களைப்படையச் செய்யும். இரண்டாவது வண்டி வாங்க இயலாதோர் மேலதிகமாக ஒரு சோடிச் சில்லுகளை வைத்திருப்பது சிக்கனமான வழியாகும்.

ஆயினும் மூன்று விடயங்களில் நாம் கவனம் செலுத்துதல் வேண்டும். முதலாவது, இரு சோடிகளினதும் அச்சுகள் ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும். அகன்ற ரயர் வண்டிச் சட்டத்தில் உரசாது சுழல வேண்டும். இரண்டாவது, பின்சில்லுகளின் பற்சக்கர எண்ணிக்கை ஒத்திருத்தல் வேண்டும். தேய்ந்த சங்கிலி புதிய பற்களில் வழுக்குமாதலால் அதனை உரிய காலத்தில் மாற்றுவதும் அவசியம்.

மூன்றாவதே முதன்மையானது. றிம்மைப் பற்றும் பிறேக் உள்ள வண்டியில் றிம்களின் விட்டம் மாறுபட்டால் பிறேக் கட்டை உரிய இடத்தில் படாது. ரயரில் உரசி அதனை அறுத்துவிடவுங் கூடும். றிம்மின் அகலம் மட்டும் மாறுபட்டால் பிறேக் கம்பியைச் சரிசெய்தல் போதுமானது.

பேருந்துகளும் பார ஊர்திகளும் விரையும் வீதிகளில் பிறேக் தவறினால் உயிரே பறிபோகலாம். எனவே, சில்லை மாற்றியதும் அச்சை இறுக்கி, பிறேக்கை முற்றத்திலேயே சோதித்த பின்னரே வீதியில் இறங்குதல் வேண்டும் என வலியுறுத்த விரும்புகின்றோம்.