காணும் கண்ணும் கலந்த நட்பும்

பிறர் காண்கையில் மாந்தர் அறநெறி பேண முந்துவர் என்பது நாம் அறிந்ததே. 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. கோப்பி அறையொன்றில், காவலற்ற பணப்பெட்டிக்கு மேலே மலர்ப்படம் இருந்த வாரங்களைவிடக் கண்களின் படம் இருந்த வாரங்களில் ஏறத்தாழ மும்மடங்கு பணம் சேர்ந்தது.

ஆயின், உடனிருப்போர் பெருகின் உதவியும் பெருகுமோ? 1969இல் லற்றானே, றொடின் என்னும் அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், அடுத்த அறையில் ஒரு பெண் விழுந்து அரற்றுவது போன்ற ஓசையை மாணவர் கேட்டனர். தனித்திருந்தோரில் நூற்றுக்கு 70 பேர் உதவ முயன்றனர். அறிமுகமற்ற இருவர் சேர்ந்திருந்தபோதோ, நூற்றுக்கு 40 இணைகளிலேயே ஒருவரேனும் எழுந்தார். நண்பர் இணைகளில் அத்தொகை மீண்டும் 70 ஆயிற்று. அயலார் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கித் தயங்குவர். நண்பரிடை அத்தயக்கம் குறையும்.

ஆதலின், கூட்டம் மட்டும் துணையாகாது, பழக்கமும் வேண்டும். கல்லூரி வளவில் ஒருவரையொருவர் பெயரறிந்து பழகுதலை நாம் சிறு செய்தியாகக் கொள்ளலாகாது.