பத்து நிமிட மௌனமும் பன்னிரண்டு மணி நேரப் பணியும்

பணிச்சோர்வு என்று தமிழில் வழங்கப்படும் ‘பர்ன் அவுட்’, ஒரு நாள் நன்றாக உறங்கி எழுந்தால் தீர்ந்துவிடும் களைப்பன்று. நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டர்களுடன் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு வந்தவர்களே சில மாதங்களில் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோவதைக் கண்டு, 1974-இல் இச்சொல்லை ஆய்வுலகுக்குக் கொண்டுவந்தார். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981-இல் வெளியிட்ட 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல் அதனை மூன்று கூறுகளாகப் பிரித்தது: உணர்ச்சி வறண்டுபோதல், நோயாளியை மனிதராக எண்ணாமல் ‘ஏழாம் படுக்கை’ என்று மட்டுமே காணும் அந்நியமாதல், செய்த வேலையால் பயனில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாடு இதனை நோயாகக் கருதாமல், சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுக்கிறது. ஆகவே வரையறையே காரணத்தைப் பணியிடத்தில் வைத்துவிடுகிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் இவ்வழுத்தத்துக்குத் தனி இயல்பு உண்டு. ஒரு குழந்தையின் மரணத்தைப் பெற்றோரிடம் சொல்லிவிட்டு வரும் மருத்துவர், அடுத்த சில நிமிடங்களில் கணுக்கால் சுளுக்கோடு நெடுநேரம் காத்திருந்து கோபம் கொண்டவரின் முன் முகம் மாறாமல் நிற்க வேண்டியிருக்கிறது. துக்கத்துக்கென்று அங்கே நேரம் ஒதுக்கப்படுவதில்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ்.-இல், உள்நோயாளிப் படுக்கைகள் நிரம்பிவிடுவதால் முதியவர்கள் நடைக்கூடத்தில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்க, செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய இயலாத நிலையில் செவிலியர் அவர்களைக் கடந்து செல்கிறார்.

கொரோனாப் பெருந்தொற்று பரவிய 2020-இல், என்.எச்.எஸ். ஊழியர்களுக்கு ஹெட்ஸ்பேஸ் உள்ளிட்ட சில மனநலச் செயலிகள் இலவசமாக வழங்கப்பட்டன. பௌத்தத் துறவியாக இருந்த ஆண்டி புடிகோம்ப், 2010-இல் லண்டனில் ரிச்சர்ட் பியர்சனுடன் இணைந்து தொடங்கிய தியானச் செயலி நிறுவனம் ஹெட்ஸ்பேஸ். மூச்சின் மீதும் உடலின் மீதும் கவனத்தை நிறுத்தி, எழும் எண்ணங்களை எதிர்க்காமல் கவனிக்கும் இந்தத் தியானப் பயிற்சியை, ஜான் கபாட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பல வார வகுப்பாக அமைத்திருந்தார். அதில் ஆசிரியரும் சக மாணவர்களும் இருந்தனர். செயலியில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் பதிவு செய்யப்பட்ட ஒரு குரலும் பத்து நிமிடமும்தான்.

அந்தப் பத்து நிமிடம் வீண் என்று சொல்லிவிட முடியாது. 2,182 சுகாதார ஊழியர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஹெட்ஸ்பேஸையும் மற்றதற்கு என்.எச்.எஸ்.-இன் மனநல ஆலோசனை இணையதளத்தையும் அளித்து இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. செயலியைப் பெற்றவர்களிடம் மன அழுத்தம் சிறிதளவு குறைந்தது. கவலையும் பதற்றமும் குறைந்தன. ஆனால் பணிச்சோர்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இரவுப் பணி முடித்து வந்து உறக்கம் வராமல் புரளும் செவிலியருக்குச் செயலி துணையாகலாம். அவர் திரும்பிச் செல்லும் நடைக்கூடம் அப்படியே இருக்கிறது.

செயலியை நிறுவுவோர் அதனைத் தொடர்வதும் அரிது. 93 மனநலச் செயலிகளை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், முப்பதாம் நாளில் அவற்றைத் திறந்தவர்களின் இடைநிலை அளவு 3.3 சதவீதம் மட்டுமே. பல துறைகளைச் சேர்ந்த 46,336 பிரிட்டன் ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்து ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட கட்டுரையும், செயலி, மனவலிமைப் பயிற்சி போன்ற தனிமனிதத் திட்டங்களில் பங்கேற்றோரின் நலம் பங்கேற்காதோரைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை என்கிறது. மாறாக, மருத்துவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்த மரியா பனாஜியோட்டி குழுவினர், பணி நேரம், பணிப்பளு போன்றவற்றை நிறுவனமே மாற்றியமைத்த முயற்சிகள் கூடுதல் பயன் தந்ததைக் கண்டனர்.

செயலிக்கான சந்தாவைவிடக் கூடுதல் செவிலியரை நியமிப்பதற்குப் பெருஞ்செலவாகும் என்பதை எந்த நிர்வாகியும் அறிவார். செயலி விரைந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் செயலி வந்த பின்னும் பணியிட நெருக்கடி தீரவில்லை: இங்கிலாந்தில் அவசர சிகிச்சைக்கு வருவோரில் 95 சதவீதத்தினரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்பவோ உள்நோயாளியாகச் சேர்க்கவோ வேண்டும் என்ற இலக்கு, 2015 ஜூலைக்குப் பின் ஒரு மாதம்கூட எட்டப்படவில்லை.