முள்ளந்தண்டு ஊசியும் தலையிடியும்

சத்திரசிகிச்சை என்றதும் நினைவிழந்து உறங்குவதையே பலரும் எண்ணுவர். ஆயினும், இடுப்புக்குக் கீழே செய்யப்படும் சிகிச்சைகள் பலவற்றுக்கு நோயாளி உறங்க வேண்டுவதில்லை. முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் மெல்லிய ஊசி வழியே விறைப்பு மருந்தை ஏற்றினாற் போதும். உடலின் கீழ்ப்பாதி உணர்விழந்துவிடும். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும்போது பெரும்பாலும் இம்முறையே இன்று கையாளப்படுகின்றது. தாய் விழித்திருந்தவாறே தன் குழந்தையின் முதலழுகையைக் கேட்கின்றாள். ஆனால், இந்நன்மையோடு சிலருக்குத் தலையிடியும் வந்து சேர்கின்றது.

இதன் காரணத்தை ஊகித்தறிந்தவர், இதனைத் தம் உடலிலேயே அனுபவித்த வைத்தியர் ஒருவர். 1898ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஜேர்மனியின் கீல் நகரில், ஓகஸ்ட் பீயர் என்பவர் இம்முறையால் நோயாளர் சிலருக்குச் சிகிச்சை செய்தார். அவர்களிற் சிலர் பின்னர் தலையிடியால் வருந்தினர். உண்மையை அறிய விரும்பிய பீயர், தமது முதுகிலே ஊசியேற்றுமாறு உதவியாளர் ஹில்டபிராண்டைப் பணித்தார். மருந்துக் குழாய் ஊசியோடு பொருந்தாமற் போகவே, முள்ளந்தண்டினுள் இருந்த நீர் பெருமளவு வெளியேறியது. மறுநாள் தொடங்கிய தலையிடி அவரை 9 நாட்கள் வாட்டியது. எழுந்தால் வலிக்கும், படுத்தால் நீங்கும். வெளியேறிய நீரே காரணமாதல் வேண்டுமென அவர் கருதினார்.

அக்கருத்துச் சரியே. நமது மூளை ஒருவகைத் தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருக்கின்றது. ஊசி துளைத்த சவ்வின் வழியே அந்நீர் கசிந்து குறையுமாயின், நாம் எழுந்து நிற்கையில் மூளை சற்றே தாழ்ந்து, அதனைச் சூழ்ந்த சவ்வுகளை இழுக்கின்றது. அவ்விழுப்பே வலியாகின்றது.

துவாரம் சிறிதானால் கசிவும் குறையும். ஆதலின் இன்று மிக நுண்ணிய ஊசிகள் வழங்குகின்றன. பென்சில் முனைபோன்ற ஊசி, சவ்வின் இழைகளை வெட்டாது விலக்கிச் செல்வதால் தலையிடி வெகுவாகக் குறைந்துள்ளது. வந்தாலும், பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரத்துள் தானே தணியும். ஓய்வும், நோ தணிக்கும் மருந்தும், போதிய நீராகாரமும் துணைபுரியும். கடுமையாயின், நோயாளியின் கையிலிருந்தே சிறிதளவு இரத்தத்தை எடுத்துச் சவ்வின் வெளிப்புறத்தே செலுத்துவர். அது உறைந்து துவாரத்தை அடைக்கும். இம்முறையை 1960இல் அமெரிக்கச் சத்திரவைத்தியர் ஜேம்ஸ் கோர்ம்லி வெளியிட்டார்.

நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுண்டு. பிள்ளை பெற்ற களைப்பென்றும், உறக்கமின்மையென்றும் எண்ணி இத்தலையிடியைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார் உளர். வீட்டிலுள்ளோரும் அதனைப் பெரிதாகக் கொள்வதில்லை. எழுந்ததும் வலித்துப் படுத்ததும் குறைவதாயின், முதுகில் ஊசியேற்றிய செய்தியையும் சேர்த்து வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். படுத்தும் குறையாவிடினும், காய்ச்சல், வலிப்பு, பார்வைக் குறைவு முதலியன தோன்றினும், வேறு நோய் இருத்தல் கூடும். அப்போது தாமதியாது வைத்தியசாலையை நாடுவதே தாய்க்கும் சேய்க்கும் நலம்.