கடல் மருந்தும் மனநலமும்

நுழையும்முன்

முத்தும் பவளமும் மீனும் உப்பும் தந்த கடல், இன்று மருந்தும் தருகிறது. உடல்நோய்க்கு மருந்து தரும் கடலில் மனத்தின் நோய்க்கும் மருந்து உண்டா? நம்பிக்கையோடு தொடங்கிய இத்தேடலை அறிவியல் எவ்வாறு உரைத்துப் பார்க்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மனமும் நோயுறும்

துன்பம் நேரும்போது வருந்துவதும், நாளடைவில் அவ்வருத்தம் தணிவதும் மனித இயல்பு. ஆனால், வருத்தமோ ஆர்வமின்மையோ இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நாள்தோறும் நீடித்து, உறக்கம், பசி, கவனம் ஆகியவற்றைக் குலைக்குமானால், அது மனச்சோர்வு என்னும் நோயின் அறிகுறியாகலாம். சோர்வும் அளவுகடந்த எழுச்சியும் மாறிமாறி வருவது இருமுனைக் கோளாறு ஆகும். இவை மனநிலைக் கோளாறுகள் எனப்படும். உலகில் 28 கோடிக்கும் மேற்பட்டோர் மனச்சோர்வுடன் வாழ்வதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இந்நோய்கள் மனவலிமை இன்மையால் வருவன அல்ல. மூளையின் செயற்பாடு, மரபு, வாழ்க்கைச் சூழல் ஆகியவை ஒன்றுகூடி இவற்றைத் தோற்றுவிக்கின்றன. உளவியல் ஆற்றுப்படுத்தலும் மருந்துகளும் பலருக்கு நலமளிக்கின்றன. எனினும், இன்றுள்ள மருந்துகள் எல்லார்க்கும் ஒரேயளவில் பயன் தருவதில்லை. ஆகவே, புதிய மருந்துகளுக்கான தேடல் தொடர்கிறது. அத்தேடலின் ஒரு கிளை கடலை நோக்கிச் செல்கிறது.

கடலை நாடுவது ஏன்?

கடற்பஞ்சு, பாறையைப் பற்றி வாழும் உயிர். அதனால் ஓடவும் இயலாது, ஒளியவும் இயலாது. எனவே, பல கடற்பஞ்சுகள் வேதிப்பொருள்களையே தமக்குக் காவலாகக் கொண்டுள்ளன. பிற உயிர்களின் செல்களையும் நரம்புகளையும் தாக்கும் அப்பொருள்கள், அளவறிந்து பயன்படுத்தப்படும்போது மருந்தாகின்றன.

வெர்னர் பெர்க்மன் என்னும் வேதியியலாளர், 1950களின் தொடக்கத்தில் கரீபியப் பகுதிக் கடற்பஞ்சு ஒன்றில் புதுமையான வேதிப்பொருள்களைக் கண்டறிந்தார். அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு உருவான சைட்டரபின், 1969இல் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. மீனை நஞ்சால் செயலிழக்கச் செய்து உண்ணும் கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து அறியப்பட்ட சிகோனோடைடு, கடும்வலியைத் தணிக்கும் மருந்தாக 2004இல் ஏற்கப்பட்டது. நரம்பின்மீது செயற்படும் பொருள்கள் கடலில் உண்டு என்பதற்கு இது சான்றாயிற்று.

மீன் எண்ணெய் தந்த நம்பிக்கை

மனநலத்தோடு இணைத்து மிகுதியாக ஆராயப்பட்ட கடற்பொருள் ஒமேகா-3 கொழுப்பு அமிலமாகும். இதன் வகைகளுள் இபிஏ, டிஹெச்ஏ ஆகிய இரண்டும் மீன் எண்ணெயில் நிறைந்துள்ளன. மூளை நரம்புச் செல்களின் சவ்வில் டிஹெச்ஏ முதன்மையான கூறாக அமைந்துள்ளது. எனவே, மீன் எண்ணெய் மனநோய்க்கும் உதவுமோ என்னும் வினா எழுந்தது.

1998இல் ஜோசப் ஹிப்பெல்ன் என்னும் ஆய்வாளர், ஒன்பது நாடுகளின் மீன் நுகர்வையும் மனச்சோர்வின் அளவையும் ஒப்பிட்டார். மீன் மிகுதியாக உண்ணும் ஜப்பானில் மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆனால், இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. உணவைப் போலவே குடும்ப அமைப்பும், வேலையும், நோயை வெளியே சொல்லும் வழக்கமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

மறு ஆண்டில், ஆண்ட்ரூ ஸ்டால் குழுவினர் இருமுனைக் கோளாறு உடைய 30 பேரிடம் நான்கு மாத ஆய்வு நடத்தினர். ஒரு பிரிவினர்க்கு மீன் எண்ணெயும் மற்றப் பிரிவினர்க்கு ஒலிவ எண்ணெயும் வழங்கப்பட்டன. மீன் எண்ணெய் பெற்றோர் நோய் மீளாமல் நீண்டகாலம் இருந்தனர். நம்பிக்கை வளர்ந்தது. ஆயினும், 30 பேரின் பட்டறிவைக் கொண்டு உலகுக்கே மருந்து வகுத்தல் இயலாது.

பெரிய ஆய்வு கூறிய விடை

அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 18,353 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. தொடக்கத்தில் மனச்சோர்வு இல்லாத இவர்களுள் ஒரு சாரார்க்கு நாள்தோறும் 1 கிராம் மீன் எண்ணெயும், மறு சாரார்க்கு அதைப்போன்றே தோன்றும் போலி மருந்தும் அளிக்கப்பட்டன. எவர் எதைப் பெறுகிறார் என்பதை அவர்கள் அறியார். ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்த இவ்வாய்வில், மீன் எண்ணெய் மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

இவ்விடையையும் அளவோடு கொள்ளுதல் வேண்டும். நோய் வராமல் தடுப்பது வேறு. வந்த நோயைத் தணிப்பது வேறு. வழக்கமான மருந்துடன் இபிஏ மிகுந்த எண்ணெயைத் துணையாகத் தரும்போது நோயாளிகள் சிலர்க்குப் பயன் விளைவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. வேறு சில அவ்வாறு கூறவில்லை. ஆகவே, மீன் எண்ணெயை மனநோய் மருந்துக்கு மாற்றாகக் கொள்ள இடமில்லை.

தெரியுமா?

மீன்களின் உடலிலுள்ள ஒமேகா-3 பெரும்பாலும் மீன்கள் உருவாக்கியது அன்று. கடலின் நுண்பாசிகள் அதனை உருவாக்குகின்றன. பாசியைச் சிற்றுயிர்களும், அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களைப் பெருமீன்களும் உண்பதால் அது உணவுச் சங்கிலியில் மேலேறுகிறது. பாசியிலிருந்து நேரடியாகவும் அவ்வெண்ணெய் எடுக்கப்படுகிறது.

கடக்கவேண்டிய தடைகள்

புளோரிடாக் கடற்பஞ்சுகளை ஆராய்ந்தோர், மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனினைப் போன்ற அமைப்புடைய புரோமின் சேர்மம் ஒன்றைக் கண்டு 2008இல் வெளியிட்டனர். எலிகளிடம் நடத்திய சோதனையில் அது மனச்சோர்வு மருந்துபோலச் செயற்பட்டது. ஆனால், எலியின் நடத்தை மனிதத் துயரத்தை முழுமையாகக் காட்டும் கண்ணாடி அன்று.

அடுத்த தடை மூளையின் அரண். இரத்தத்தில் கலக்கும் பொருள்கள் எல்லாவற்றையும் மூளை உள்ளே விடுவதில்லை. சிகோனோடைடு இவ்வரணைக் கடக்க இயலாததால் தண்டுவட நீரிலேயே செலுத்தப்படுகிறது. வலியைத் தணிக்கும் அம்மருந்தே சிலர்க்குக் கடுமையான மனநலப் பக்கவிளைவுகளைத் தருவதும் உண்டு.

மூன்றாவது தடை பொருளின் அருமை. ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றின் 600 கிலோவிலிருந்து ஹாலிகாண்ட்ரின்-பி என்னும் பொருள் 12.5 மில்லிகிராமே கிடைத்தது. மருந்துக்காகக் கடலை வெறுமையாக்குதல் அறமன்று. எனவே, மூலப்பொருளின் அமைப்பை அறிந்து ஆய்வகத்தில் உருவாக்கும் வழியை வேதியியலாளர் மேற்கொண்டனர். அவ்வழியில் பிறந்த எரிபுலின், 2010இல் புற்றுநோய் மருந்தாக ஏற்கப்பட்டது.

நம்பிக்கையும் சான்றும்

கடற்பஞ்சுகளிலிருந்து மனச்சோர்வுக்கான மருந்து இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை, நாளை வரலாம். அதுவரை, எண்ணெய் மாத்திரையை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது நோயை வளர்க்கும். மனச்சோர்வுக்குப் பயன்தரும் மருத்துவம் இன்றே உண்டு. மனத்துயர் நீடிக்கும்போது பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, மருத்துவரிடமோ அதனைச் சொல்லுதல் முதற்படி. இந்திய அரசின் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் மனநல உதவி கிடைக்கிறது. புதிய மருந்தைச் சான்று கேட்டு ஏற்பதும், உள்ள உதவியைத் தயங்காமல் நாடுவதும் அறிவுடைமையாகும்.