முதலில் எரிச்சல் தணியட்டும். பொலிவு பின்னர் வரும்

அனகாபுத்தூர் நெசவாளருள் சாயத் தொட்டியில் கை நனைப்போருக்குப் புறங்கையில் அரிப்பு உண்டாகலாம். படப்பைப் பக்கத்து வயல்களில் உழைப்போருக்கு வெயிலால் கன்னத்தில் கருந்திட்டு படரலாம். இவற்றைப் போக்கக் கருதிப் பொலிவூட்டும் பூச்சுகள் இரண்டு மூன்றை ஒருங்கே தடவுவோர் உளர். அதனால் சில வேளை கருமை மிகுவதே பலனாகிறது. இதன் காரணத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருளாகும். தோல் புண்பட்டாலும் எரிச்சலுற்றாலும் அதனை ஆக்கும் உயிரணுக்கள் தூண்டப்பெற்று, ஆறிய இடத்தில் கருவடு தங்குகிறது. மாநிறத்தோர்க்கும் கருநிறத்தோர்க்கும் இது மிகுதி. ஆகவே எரிச்சல் தரும் பூச்சினால் கருமையை நீக்க முயல்வது, ஒரு பள்ளத்தை மூட அதனருகே வேறொரு பள்ளம் தோண்டுவதை ஒக்கும்.

சோற்றுக் கற்றாழையும் வல்லாரைச் சத்தும் தோலைத் தணிவிப்பவை. வைட்டமின் சி, அதிமதுரச் சத்து ஆகியவை மெலனின் உண்டாகும் வினையைக் குறைத்துப் பொலிவு தருபவை. நயாசினமைடு என்னும் பி3 வைட்டமின் இரு தொழிலையும் செய்யவல்லது. அது மெலனின் மேல்தோல் அணுக்களுக்குப் பரவுவதைக் குறைக்கிறது. தோலின் ஈரங்காக்கும் அரணையும் வலுப்படுத்துகிறது.

இவற்றை உபயோகிக்கும் முறை வருமாறு. முதல் இரண்டு வாரம் மென்மையாகக் கழுவுதல், ஈரமூட்டும் பூச்சு, பகலில் வெயில் தடுப்புப் பூச்சு ஆகியவை மட்டும் போதும். எரிச்சல் அடங்கிய பின் 2 முதல் 5 சதவீத நயாசினமைடை இரவில் தடவலாம். மூன்று நான்கு வாரங்கள் அது ஒத்துக்கொண்டால், காலையில் வைட்டமின் சியைச் சேர்த்து, அதன்மேல் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் தடுப்புப் பூச்சை இடலாம். எந்தப் புதிய பொருளையும் முன்கையின் உட்புறத்தில் சில நாள் சோதித்த பின்னரே முகத்திற்குக் கொண்டு செல்க. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் செல்வது தோலைப் புண்ணாக்கும்.

சில நாளிலேயே வெளுப்புத் தரும் பூச்சுகளை ஐயுற வேண்டும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுற்ற சிலர் சிவப்பழகுப் பூச்சுகளை உபயோகித்து வந்ததை மருத்துவர்கள் கண்டனர். இத்தகைய பூச்சுகள் சிலவற்றில் கலந்துள்ள பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்போ முதலில் வெளுப்பைக் காட்டி, நாளடைவில் தோலை மெலியச் செய்யும். நிறுத்தியதும் எரிச்சலும் சிவப்பும் மிகும். தயாரித்தவர் பெயரும் சேர்மானமும் அச்சிடப்படாத டப்பாவை வாங்கலாகாது.

மூன்று மாதத்தில் குறையாத திட்டுக்கும், பரவும் அரிப்புக்கும் தோல் மருத்துவரை அணுகுவதே முறை. சித்த மருத்துவத்தை நாடுவோருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. பிறவி நிறம் நோயன்று. அதனை மாற்ற முயன்று உடல்நலத்தையும் உழைத்த காசையும் இழத்தல் தகாது.